சிவப்பு நூல் கட்டிய பொட்டலம்

நம்ம முதியோர் கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். சின்ன வயசுத் தவக்காலத்தைப் பற்றி. எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் எழுதுகிறேன். எழுதாமல் செத்தால் எனக்குத்தான் நஷ்டம்.

இந்த வருஷம் இளைஞர்கள் கோவிலில் ஒன்று சொன்னார்கள், கேட்டிருப்பீர்கள். ஈஸ்டர் வரை, நம்ம பேச்சில் பாஸ்கா வரை, கடைக்குப் போகக் கூடாதாம். வீட்டில் இருப்பதை வைத்து, ஃப்ரீசரில் கிடப்பதை வைத்துச் சமைக்க வேண்டுமாம். புதுசாகக் கண்டுபிடித்த மாதிரி மைக்கில் சொன்னார்கள். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். முன் வரிசையில் இருந்த மூன்று பேர் மட்டும் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டீர்கள். நான் பார்த்தேன்.

உங்கள் மூன்று பேருக்கும் மறந்திருக்காது. அதை என் அத்தை அன்றைக்கே செய்தாள். எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டீர்கள்.

மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. டவுனில் பழவங்காடியிலிருந்து நடந்தால் கால் மணி நேரம் எங்கள் வீடு. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. அம்மா மலையில் போனக்காட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவள். மலையில் மழை பிடித்தால் கீழே வித்துராவிலிருந்து பஸ் வராது. சாமான் வராது. அதனால் அவளுக்குச் சேர்த்து வைக்கிற புத்தி.

எங்கள் ஸ்டோர் ரூம் ஓர் ஆள் நிற்கிற அளவுதான். அதற்குள் எல்லாம் இருந்தது. சீனப் பரணியில் உப்பு மாங்காய். மண்ணில் புதைத்த பலாக்கொட்டை. மரச்சீனிக் கிழங்கு வற்றல். பாவைக்காய் வற்றல். நெத்திலிக் கருவாடு, ஓலைப்பெட்டியில். புளி உருண்டை. கதவைத் திறந்தால் புளிப்பும் உப்பும் சேர்ந்து மூக்கில் அடிக்கும். அந்த வாசனைதான் எனக்கு அம்மா.

பிறகு ஃப்ரிட்ஜ் வந்தது. கல்ஃபிலிருந்து வந்த ஒருவர் வீடு மாறும்போது விற்றது. கதவில் துரு. உள்ளே மேலே ஒரு சின்னப் பெட்டி. ஐஸ்பெட்டி என்போம். அம்மா அதையும் விடவில்லை. அதிலும் சேர்த்தாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்ததும் பிஞ்சுச் சக்கை, பலாப்பிஞ்சுதான், வாங்கி அவித்தாள். உரலில் இடித்து, மஞ்சள் போட்டு, பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தாள். இடிச்சக்கை. கூடவே உப்புக்கண்டம் இடித்தாள். மலையில் அவளுடைய தம்பி மாட்டிறைச்சியை உப்புத் தடவி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு உலர்த்திக் கொடுத்தது. டவுனில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அதனால் அவித்து இடித்து, அதையும் மஞ்சள் போட்டுக் கவரில் கட்டினாள். இரண்டும் நார்நாராக, பழுப்பாக, ஒரே மாதிரி இருக்கும். உறைந்துவிட்டால் சுத்தமாகத் தெரியாது.

கவரின் வாயைக் கட்டியது நான். சக்கைக்கு வெள்ளை நூல். இறைச்சிக்குச் சிவப்பு நூல். வெள்ளை இரண்டு, சிவப்பு இரண்டு. அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

ஜனவரி கடைசியில் அம்மா இருமினாள். ரத்தம் வந்தது. அப்பா அவளை நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வீட்டைப் பார்க்க நாகர்கோவில் பக்கத்திலிருந்து அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணம் ஆகவில்லை. வெள்ளைச் சேலை, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு, இடுப்பில் மூக்குப்பொடி டப்பி. பொடி போட்டுப் போட்டு அவளுக்கு வாசனையே தெரியாது. பால் தீய்ந்தால் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும். தவக்காலத்தில் எல்லாவற்றையும் விட்டாள். பொடியை மட்டும் விடவில்லை. இதை நான் அப்போதே குறித்து வைத்துக்கொண்டேன்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் அன்று கோவிலிலிருந்து வந்தோம். நெற்றியில் சாம்பல் இருந்தது. அத்தை ஸ்டோர் ரூமைத் திறந்து வாசலில் நின்றாள். அப்பாவைக் கூப்பிட்டாள்.

"தம்பி, கேட்டுக்கோ. பாஸ்கா வரைக்கும் கடையில இருந்து ஒரு சாமானும் இந்த வீட்டுக்குள்ள வரப்பிடாது. இருக்கத வச்சுத்தான் திங்கணும். எவ்வளவு சேத்து வச்சிருக்கா பாரு. மலையெலி சேக்குத மாதிரி. சேத்து வைக்கது பாவம்."

அப்பா எப்போதும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

தவக்காலம் முழுக்க இறைச்சி கூடாதென்று, அன்றே ஐஸ்பெட்டியில் இருந்த கோழியை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். வேறு இறைச்சி உண்டா என்று என்னிடம் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலை எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம். அவள் இல்லை என்று எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் தினமும் ஒன்று காலியாயிற்று. முதலில் பயறு. அடுத்து மரச்சீனி வற்றல். கஞ்சி, பலாக்கொட்டைக் கூட்டு. கஞ்சி, கருவாட்டுச் சம்மந்தி. கஞ்சி, உப்பு மாங்காய். அத்தை நன்றாகச் சமைப்பாள், அதை மறுக்கவில்லை. ஆனால் உப்பு பார்க்க மாட்டாள். ஒருசந்தி இருக்கிறவள் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பாள். எல்லாரும் தின்றபிறகு பகலில் ஒரு வேளை வெறும் கஞ்சி குடிப்பாள். சில நாள் கறியில் உப்பே இருக்காது. சில நாள் நாக்கு எரியும். நாங்கள் தின்றோம்.

ஒரு பாத்திரம் காலியானால் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பாள். சாயங்காலம் அதை ஸ்டோர் ரூம் தட்டில் கவிழ்த்தபடியே வைப்பாள். ஸ்டோர் ரூமில் வாசனை குறைந்துகொண்டே வந்தது. நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவைத் திறந்து மோந்து பார்ப்பேன். நான்காவது வாரம் சாம்பல் வாசனைதான் வந்தது.

சீனப் பரணி அம்மாவோடு மலையிலிருந்து வந்தது. மேல்பாதி பழுப்பு, கீழ்ப்பாதி வெள்ளை. உப்பு மாங்காய் தீர்ந்ததும் அத்தை அதைக் கோவிலுக்குக் கொடுத்துவிட்டாள். அந்தோணியார் சுரூபத்துக்குக் கீழே பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார்களே, அதுதான். பிறகு யாரோ உடைத்தார்கள். யார் என்றும் தெரியும். இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போவேன். பிள்ளைகளை உள்ளே விட மாட்டார்கள். வராந்தாவில் கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். அம்மா அந்தப் பக்கம் வருவாள். முடியை வெட்டியிருந்தார்கள். கழுத்து கோழிக்கழுத்து மாதிரி இருந்தது. ஒரு நாள் நான் சொன்னேன், ஸ்டோர் ரூம் காலி, பரணியும் போச்சு என்று. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"சிவப்பு இருக்கா?"

இருக்கு என்றேன்.

"அத யாருக்கும் காட்டாத. பாஸ்காவுக்கு நான் வந்து பண்ணித் தாரேன். நல்லமிளகு போட்டு."

அன்றிலிருந்து அந்த இரண்டு பொட்டலமும் என் பொறுப்பு. ஐஸ் தட்டுக்குப் பின்னால் தள்ளி வைத்தேன். வெள்ளையை முன்னால் வைத்தேன். தினமும் கையை விட்டுத் தொட்டுப் பார்ப்பேன். விரல் மரத்துப் போகும். சிவப்பு நூல் தட்டுப்பட்டால் சரி, அம்மா வருவாள்.

ஐந்தாவது வாரம். செவ்வாயோ புதனோ. உபதேசியாரின் மனைவி வந்திருந்தாள். கோவில் உபதேசியாரைச் சொல்கிறேன். நமக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லித் தந்தவர். இப்போது மண்டபத்தில் மாலை போட்ட படமாக இருக்கிறார். அவர் மனைவியும் அத்தையும் அடுக்களையில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே கிணற்றடியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

அத்தை சொன்னாள்: "டாக்டர் கைய விரிச்சாச்சு. தம்பி ஒத்தையில எத்தன நாள் கெடப்பான்? பாஸ்கா கழிஞ்சு ஒரு எடம் பாக்கணும். வாரவ காலி அடுக்களைக்கு வரட்டும். முந்தி உள்ளவளுக்க பரணியும் பானையும் அவளுக்கு எதுக்கு?"

உபதேசியார் மனைவி சொன்னாள்: "எனக்க தங்கச்சி மவ ஒருத்தி உண்டு. நல்ல பிள்ள. வயசு கொஞ்சம் கூடிப்போச்சு. நீங்க ஒண்ணு பாருங்க."

பார்ப்போம் என்றாள் அத்தை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை செபம் எங்கள் வீட்டில்தானே, அன்று அவளையும் கூட்டிக்கொண்டு வா என்றாள்.

துருவலில் என் விரலும் வந்தது. நான் கழுவிக்கொண்டு, ரத்தம் பட்ட துருவலை எறிந்துவிட்டு, மிச்சத்தைத் துருவினேன்.

தவக்காலத்துக்கு அத்தை சொன்ன காரணம் பரலோகம். உண்மையான காரணம் அடுக்களையைக் காலி பண்ணுவது. அப்படித்தான் எனக்கு விளங்கியது. இரண்டுமே அவளுக்கு உண்மையாக இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

வியாழன் சாயங்காலம் அத்தை கூப்பிட்டாள். நாளைக்கு இருபது பேர் வருவார்கள், கஞ்சி, பயறு, கூடத் தேங்காய் போட்டு ஒரு துவரன் வேண்டும். ஐஸ்பெட்டியில் சக்கை உண்டு என்று அப்பா சொன்னாராம். எடுத்துத் தா என்றாள்.

நான் ஐஸ்பெட்டியைத் திறந்தேன். வெள்ளை முன்னால் இருந்தது. சிவப்பு பின்னால்.

வெள்ளையைப் பின்னால் தள்ளினேன். சிவப்பு இரண்டையும் எடுத்தேன். ஐஸ் ஒட்டியிருந்தது, கரண்டியால் நெம்ப வேண்டியிருந்தது. நூலை அவிழ்த்து என் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு கவரை அத்தை கையில் கொடுத்தேன். வாயால் பொய் சொல்லவில்லை. கையால் சொன்னேன். அதைப் பாவசங்கீர்த்தனத்தில் இன்றுவரை சொன்னதில்லை. சொல்லப் போவதும் இல்லை.

அம்மா காட்டாதே என்று சொன்ன பொருள். அதை நானே எடுத்துக் கொடுத்தேன். அம்மா வர மாட்டாள் என்றால் அது யாருக்காக இருக்க வேண்டும்? தவக்கால வெள்ளியில், இறைச்சி தொடக் கூடாத சுத்தபோசன நாளில், உபதேசியாருக்கும் இருபது பேருக்கும் அத்தை தன் கையால் தட்டில் மாட்டிறைச்சி விளம்பட்டும். வாயில் வைத்ததும் துப்புவார்கள். அத்தை தலை குனிவாள். அந்தப் பெண்ணும் அவளைக் கூட்டி வந்தவர்களும் எழுந்து போவார்கள். இவ்வளவுதான் என் கணக்கு.

வெள்ளிக்கிழமை அத்தை சமைத்தாள். அவள் ஊரில் உப்புக்கண்டம் கிடையாது. அவள் அதைப் பார்த்ததே இல்லை. தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், பூண்டு அம்மியில் ஒதுக்கிப் போட்டாள். கடுகு தாளித்தாள். எனக்கு அந்த வாசனை வந்தது. லயத்து அடுப்புப் புகை, உப்பு, இறைச்சி. அடுக்களை முழுக்க அம்மா வீட்டு வாசனை. அத்தை சட்டிக்கு மேலேயே குனிந்து கிண்டிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொண்டாள்.

செபம் முடிந்தது. பதினாலு ஸ்தலமும் முழங்காலில். எல்லாருக்கும் பசி. கூடத்தில் பாய் விரித்தோம். உபதேசியார், அவர் மனைவி, அந்தத் தங்கை மகள், தையல்கார மாமி, ரேஷன் கடை அண்ணாச்சி, பாட்டு சொல்லித் தருகிறவர், அப்புறம் நீங்கள் மூன்று பேர். உங்கள் அப்பா அம்மாவோடு வந்திருந்தீர்கள். எனக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள். அப்பாவுக்குக் கடையில் ஸ்டாக் எடுப்பு, வரவில்லை.

அத்தை கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள், விபூதிப் புதனிலிருந்து இந்த வீட்டுக்குக் கடைச் சாமான் வந்ததில்லை, எல்லாம் இருந்ததை வைத்துத்தான் என்று. உபதேசியார் நல்ல முன்மாதிரி என்றார்.

பிறகு துவரனை எடுத்து வாயில் போட்டார்.

மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவளும் மெல்லுவதை நிறுத்தியிருந்தாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது துப்புவார்.

விழுங்கினார். தொண்டை மேலே போய்க் கீழே வந்தது.

"சக்க நல்லா வந்திருக்கு" என்றார்.

"ஆமா. நல்ல சக்க" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். பாய் முழுக்கக் கை வேகமாயிற்று. ஐந்து வாரம் இறைச்சி காணாத வாய்கள். தையல்கார மாமி மூன்று தடவை தட்டை நீட்டினாள். அண்ணாச்சி பயறைத் தொடவே இல்லை. பாட்டு சொல்லித் தருகிறவர் இந்த மாதிரி சக்கை எங்கள் ஊரில் கிடையாது என்றார். தங்கை மகள் தலை நிமிராமல் தின்றாள். உபதேசியார் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தை சட்டியைச் சுரண்டிச் சுரண்டிப் போட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வாழ்நாளில் யாரும் அவளை அவ்வளவு பேர் முன்னால் மெச்சியிருக்க மாட்டார்கள்.

அம்மாவின் பாஸ்கா அப்படித் தீர்ந்தது. ஒரு நார்கூட மிச்சமில்லை.

நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"அது சக்க இல்ல. எறச்சி. எங்க அம்மா இடிச்சு வச்ச உப்புக்கண்டம்."

கைகள் நின்றன. அத்தை சட்டியைப் பார்த்தாள். குனிந்து மோந்தாள். அவளுக்கு என்ன தெரியும். நிமிர்ந்து உபதேசியாரைக் கேட்டாள்.

"உபதேசியாரே, நீங்க சொல்லுங்க. நான் உப்புகூடப் பாக்கல்ல. என்னதான் இது?"

அந்தக் கேள்வியை நான் நிறைய வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடத்தில் உண்மை தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்ட பெரியவள் அவள் ஒருத்திதான்.

உபதேசியார் பல்லிடுக்கில் இருந்த நாரை நாக்கால் தள்ளினார். விழுங்கினார். சொன்னார்:

"சக்கதாம்மா. பிள்ளைக்குத் தாய் நெனப்பு. என்னவோ சொல்லுது."

பிறகு பாயைப் பார்த்துக் கேட்டார், என்ன, சக்கதானே என்று.

சக்கதான் என்றாள் மனைவி. சக்கதான் என்றார் அண்ணாச்சி. சக்கதான், சக்கதான் என்று வரிசையாகப் போயிற்று. பிரார்த்தனையில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சொல்லுவோமே, அதே ராகம். உங்கள் முறை வந்தது. நீங்கள் மூன்று பேரும் என் வகுப்பு. உங்கள் வாயில் எண்ணெய் இருந்தது. நீங்களும் சொன்னீர்கள்.

அத்தை என்னை அடித்தாள். ஒரே அடி, காதைச் சேர்த்து. விருந்தாளிகள் முன்னால் பொய் சொன்னதற்கு. செய்த தப்புக்கு யாரும் என்னை அடிக்கவில்லை. சொன்ன உண்மைக்கு அடி கிடைத்தது.

நான் ஐஸ்பெட்டிக்கு ஓடினேன். வெள்ளை நூல் பொட்டலத்தைக் காட்டினால் தீர்ந்தது. கையை விட்டேன். தொட்டேன். பிறகு யோசித்தேன். காட்டினால் இதுவும் சமையலுக்குப் போகும். அம்மாவுடையது என்று இந்த வீட்டில் மிச்சமிருப்பது இவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டேன்.

அப்பா வந்ததும் அத்தை சொன்னாள். அப்பா கிணற்றடியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார், நிஜமாகவா என்று. ஆமா என்றேன். விடு என்றார். அவர் வாழ்நாளில் அதிகம் சொன்ன வார்த்தை அது.

உபதேசியார் விடவில்லை. பெரிய வெள்ளி அன்று சிலுவைப்பாதை முழுக்க என்னைக் கோவிலில் எல்லாருக்கும் முன்னால் முழங்காலில் வைத்தார். மற்றவர்கள் எழுவார்கள், உட்காருவார்கள். நான் மட்டும் எழக் கூடாது. பொய் சொன்ன பிள்ளைக்கு என்றார். பாஸ்காவுக்கு வெள்ளை உடை போட்டு மெழுகுதிரி பிடிக்கிற பெண்பிள்ளைகளில் என் பெயர் இருந்தது. அதையும் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் நீங்கள் எனக்குச் சக்கை என்று பெயர் வைத்தீர்கள். எட்டாம் வகுப்புக்கு நான் போகாததற்கு அதுவும் ஒரு காரணம். வேறு காரணமும் உண்டு. அதுவும் உண்டு.

பாஸ்காவுக்கு அம்மா வரவில்லை. அத்தை கடைக்குப் போய்க் கோழி வாங்கினாள். நான் தின்னவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மா வந்தாள்.

டாக்டர் கைவிரித்தது நிஜம்தானாம். மருந்து பிடித்துக்கொண்டதும் நிஜம். ஆட்டோவிலிருந்து இறங்கி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அத்தை வாசலில் அழுதாள். பையை வாங்கிக்கொண்டாள். அந்த அழுகை கள்ள அழுகை இல்லை. எழுதும்போது ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அம்மா நேராக ஸ்டோர் ரூமுக்குப் போனாள். கவிழ்த்து வைத்த பாத்திரங்களைப் பார்த்தாள். ஐஸ்பெட்டியைத் திறந்தாள். ஐஸ் வளர்ந்து மூடியிருந்தது. தட்டி எடுத்தாள். வெள்ளை நூல், இரண்டு.

என்னைப் பார்த்தாள். நான் எல்லாம் சொன்னேன். நானே எடுத்துக் கொடுத்ததையும் சொன்னேன். ஜன்னல் வழியாகக் கேட்டதை மட்டும் சொல்லவில்லை. அதை அவள் சாகும்வரை சொல்லவில்லை.

அம்மா என்னை அடிக்கவில்லை. யார் யார் தின்றார்கள் என்று கேட்டாள். சொன்னேன். இன்னொரு தடவை சொல் என்றாள். சொன்னேன். உபதேசியார் எத்தனை தடவை வாங்கினார் என்றாள். இரண்டு என்றேன்.

அடுத்த நாள் காலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு சக்கையைச் சமைத்தாள். கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாள். அத்தை நான் பண்ணுகிறேன் என்று வந்தாள். விடவில்லை. இவ்வளவு எதற்கு, யார் வருகிறார்கள் என்று அத்தை கேட்டாள்.

"அன்னைக்குச் சக்க தின்னவங்களுக்கு, சக்க எப்பிடி இருக்கும்னு தெரியணும்ல மதினி."

அத்தை சட்டியிலிருந்து ஒரு விரல் எடுத்து வாயில் வைத்தாள். மூக்கு போனாலும் நாக்குக்குக் கொஞ்சம் தெரியும் போலிருக்கிறது. வெகுநேரம் மென்றாள்.

"அப்ப அன்னைக்கு நான் குடுத்தது?"

"நீங்க தெரிஞ்சு செய்யல்ல மதினி" என்றாள் அம்மா.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. என் இடது காதைத் தொட வந்தாள். நான் தள்ளி நின்றேன்.

மறுநாள் முதல் பஸ்ஸுக்கு அவள் ஊருக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் இறைச்சி தொடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பாஸ்காவுக்குக்கூட. தின்றவர்கள் எல்லாரும் மறந்தார்கள். தின்னாதவள் தவம் கிடந்தாள். கேள்விப்பட்டபோது எனக்கு நன்றாக இருந்தது. பல வருஷம் நன்றாகவே இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு மனம் மாறவில்லை.

ஒன்பது வீடு. ஒன்பது சின்னத் தூக்குச்சட்டி. அம்மா என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து, இரண்டு தடவை சொல்லிக் காட்டச் சொன்னாள். நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன்.

"அம்மா குடுத்து விட்டாங்க. இடிச்சக்க. அன்னைக்கு மாதிரியே இருக்கான்னு பாக்கச் சொன்னாங்க."

தையல்கார மாமி கதவைப் பாதி சாத்திக்கொண்டு கையை மட்டும் நீட்டி வாங்கினாள். அண்ணாச்சி வாங்கிக்கொண்டு, அம்மா எப்போது வந்தாள் என்று மூன்று தடவை கேட்டார். பாட்டு சொல்லித் தருகிறவர் வீட்டில் இல்லை என்று அவர் உள்ளேயிருந்தே சொன்னார். சட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன். உங்கள் வீடுகளுக்கும் வந்தேன். உங்கள் அம்மாமார் என் முகத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் பின்னால் நின்றீர்கள். ஞாபகம் இல்லை என்று சொல்லாதீர்கள்.

கறி கொடுத்த பாத்திரத்தை நம்மிடத்தில் யாரும் வெறுமனே திருப்புவதில்லை. ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இதில் எட்டுச் சட்டி திரும்பி வந்தபோது தூக்க முடியவில்லை. ஒன்றில் முட்டை. ஒன்றில் நெய். ஒன்றில் வறுத்த முந்திரி. ரேஷன் கடையிலிருந்து சீனி, மூடி பொருந்தாத அளவு. அம்மா ஒவ்வொன்றாக வாங்கித் தட்டில் அடுக்கினாள். ஸ்டோர் ரூம் பாதி நிறைந்தது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. இரவு கஞ்சி குடிக்கும்போது மட்டும், உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சக்கை பிடித்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உபதேசியார் வீட்டுச் சட்டி மட்டும் திரும்பி வரவில்லை. நான்கு நாள் பார்த்துவிட்டு அம்மா என்னைப் போய் வாங்கி வரச் சொன்னாள்.

அவர் மனைவி சட்டியில் பச்சரிசியை வாய்வரை போட்டு, கையால் அழுத்தி, மேலும் போட்டாள். நான் சட்டியோடு படலைத் தாண்டும்போது உபதேசியார் பின்னால் வந்தார். ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்தார். குனிந்தார். வெற்றிலை வாசனை அடித்தது.

"அன்னைக்கு நீ சொன்னது சரிதான் மக்களே. எறச்சிதான். மொத வாயிலயே எனக்குத் தெரியும். ஆனா உபதேசியார் இப்பிடிச் சொன்னாருன்னு வெளிய ஒருத்தர்ட்டயும் சொல்லப்பிடாது. கோவிலுக்கு நல்லதில்ல. என்ன?"

நான் சரி என்றேன்.

அந்த விஷயத்தில் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான்.